சானடோரியம் நிறுத்தமும் கிரௌன்ஸ்வில் கல்லறையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்து வருவது தாம்பரம் சானடோரியம். இன்று ஏறி இறங்குகிறவர்களுக்கு அது ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். என் அம்மாவின் காலத்தில் அந்த நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுத்தவர் அருகில் உட்கார்ந்தால் மற்றவர்கள் சற்றே தள்ளி உட்கார்வார்களாம். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அதன் பெயரே ரயில் நிலையத்துக்கும் ஒட்டிக்கொண்டது. கீழ்ப்பாக்கத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. மனநல மருத்துவமனை இருக்கிறது என்பதற்காக அந்த ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கிவிட்டோம்.

நுரையீரலுக்கு ஓர் ஊர், மனத்துக்கு ஓர் ஊர் என்று சென்னை இரண்டாகப் பிரித்து வைத்திருந்த அச்சத்தை, அமெரிக்காவின் மேரிலாண்டில் ஒரே பெயரில் அடக்கி வைத்திருந்தார்கள் என்பது இங்கே மகள் வீட்டுக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. அந்தப் பெயர் கிரௌன்ஸ்வில், கறுப்பின மனநோயாளிகளுக்கென்று கட்டிய மருத்துவமனை.

சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டு அம்மையார். ஓய்வுபெற்ற செவிலி, கறுப்பினத்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் முப்பத்தொரு ஆண்டுகள் காசநோய் ஆய்வுக்கூடத்தில் சளிப் பரிசோதனை செய்தவள் என்று மகள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேருக்கும் பேச நிறைய இருந்தது. ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "சிறுவயதில் நாங்கள் அடம்பிடித்தால் பாட்டி ஒரே ஒரு வார்த்தை சொல்வார். 'கிரௌன்ஸ்வில்லுக்கு அனுப்பிவிடுவேன்.' அப்படியே அடங்கிவிடுவோம்." எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அனாபொலிஸ் நகருக்குப் பக்கத்தில்தான், காரில் போனால் அரை மணி என்றார். அவருடைய சித்தப்பா ஒருவர் அங்கே போனவர். திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து நான் அந்த மருத்துவமனையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஏற்பட்ட கோபம் ஒரு பதிவேட்டுக்காரியின் கோபம். ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்தது நுண்ணோக்கியைப் பற்றி அல்ல, பதிவேட்டைப் பற்றி. வரிசை எண், நோயாளி பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், முகவரி, முடிவு. கட்டம் ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது. கிரௌன்ஸ்வில்லின் கதை தொடக்கம் முதல் முடிவு வரை தவறான பதிவேடுகளின் கதை.

தொடக்கம் என்று நான் சொல்வது அந்த மருத்துவமனை கட்டப்படுவதற்கு எழுபது ஆண்டுகள் முன்பு. 1840இல் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது முதன்முறையாகப் பைத்தியக்காரர்களையும் கணக்கிட்டார்கள். தெற்கில் அடிமைகளாக இருக்கும் கறுப்பர்களைவிட வடக்கில் சுதந்திரமாக இருக்கும் கறுப்பர்களிடையே மனநோய் பல மடங்கு அதிகம் என்று அந்தக் கணக்கு காட்டியது. அடிமைமுறையின் ஆதரவாளர்களுக்குக் கொண்டாட்டம். சுதந்திரம் கொடுத்தால் இவர்களுக்குப் புத்தி கலங்கிவிடும் என்பதற்கு அரசே சான்று கொடுத்துவிட்டதே! ஜான் கால்ஹூன் என்ற அரசியல் தலைவர் இதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார். எட்வர்ட் ஜார்விஸ் என்ற மாசசூசெட்ஸ் மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து அந்தக் கட்டங்களைச் சரிபார்த்தார். கறுப்பர் ஒருவர்கூட இல்லாத ஊர்களில் கறுப்பினப் பைத்தியக்காரர்கள் இருப்பதாக எழுதப்பட்டிருந்தது. வூஸ்டர் நகரின் அரசு மனநோய் மருத்துவமனையில் இருந்த 133 வெள்ளை நோயாளிகள் கறுப்பர்களின் கட்டத்தில் போய் விழுந்திருந்தார்கள். பிழை என்று நிரூபித்த பிறகும் அந்தக் கணக்கு அதிகாரபூர்வமாகத் திருத்தப்படவில்லை. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், எசமானிடமிருந்து அடிமை தப்பியோடுவதே ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கொரு கிரேக்கப் பெயரும் சூட்டினார்.

அடிமைமுறை ஒழிந்த பிறகும் அந்த எண்ணம் ஒழியவில்லை. 1910இல் மேரிலாண்டு சட்டமன்றம் கறுப்பின மனநோயாளிகளுக்கென்று தனி மருத்துவமனை அமைக்கச் சட்டம் இயற்றியது. பால்டிமோர் நகருக்குள் அது வரக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கிரௌன்ஸ்வில்லில் வில்லோ மரமும் புகையிலையும் பயிரிட்டிருந்த பழைய பண்ணை ஒன்றை 19,000 டாலருக்கு வாங்கினார்கள்.

1911 மார்ச் 13. முதல் பன்னிரண்டு நோயாளிகள் வந்து சேர்கிறார்கள். மருத்துவமனை எங்கே? இல்லை. வில்லோ கொம்புகளைப் பதப்படுத்தும் பழைய கொட்டகை ஒன்றில் அவர்களைத் தங்க வைக்கிறார்கள். காட்டை வெட்டுவதும் நிலத்தைத் திருத்துவதும் அவர்கள் வேலை. பாதை போடுவதும் சிமெண்டு சுமப்பதும் சுவர் எழுப்புவதும்கூட அவர்கள் வேலைதான். தாங்கள் அடைபடப்போகும் கட்டடத்தை நோயாளிகளே கட்டினார்கள். ஆண்கள் வயலில் இறங்கினார்கள், கூடை முடைந்தார்கள், பெண்கள் சலவையும் தையலும் செய்தார்கள். வேலையே சிகிச்சை என்றார்கள். தோட்ட வேலை மனத்துக்கு நல்லது என்பதை நான் மறுக்கவில்லை, என் வீட்டு மாடியிலேயே கத்தரியும் வெண்டையும் வைத்திருக்கிறேன். ஆனால் கூலி கிடையாது, முடியாது என்று சொல்லும் உரிமை கிடையாது, மேற்பார்வைக்கு வெள்ளையர் என்று இருந்தால், அரை நூற்றாண்டுக்கு முன்பு அதே மண்ணில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மனநோய்க்கென்று கட்டிய இடத்துக்குள் காசநோய் எப்படி வந்தது? கறுப்பின ஏழைக்குக் காசநோய் வந்தால் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் மேரிலாண்டில் மிகக் குறைவு. மாநிலத்தின் சானடோரியம் 1908இல் சபிலாஸ்வில் என்ற மலையூரில் தொடங்கியது, வெள்ளையர்களுக்கு. கறுப்பர்களுக்கென்று ஹென்றிடன் என்ற இடத்தில் சானடோரியம் வந்தது 1922இல்தான். அதிலும் படுக்கைகள் போதவில்லை. வலிப்பு நோயாளிகள், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள், குடிநோயாளிகள், மேகநோய் முற்றியவர்கள், காசநோயாளிகள் என்று வேறு போக்கிடம் இல்லாதவர்கள் எல்லாரையும் கிரௌன்ஸ்வில் விழுங்கிக்கொண்டது.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. இருமும்போது தெறிக்கும் மிகச் சிறு துளிகள் உலர்ந்து, அந்த அறையிலேயே மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். சன்னலைத் திறந்து வைத்தால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மழைக்காலத்திலும் சன்னலை மூடவிடமாட்டார் எங்கள் மேலாளர். மனநோய் வார்டிலோ கதவும் சன்னலும் பூட்டியிருக்கும். கட்டிலோடு கட்டில் ஒட்டியிருக்கும். குளிர்காலத்தில் வெளிக்காற்றே கிடையாது. அந்த வார்டில் ஒருவருக்கு இருமல் இருந்தால் போதும். 1929ஆம் ஆண்டில் கிரௌன்ஸ்வில்லிலிருந்து வெளியே சென்றவர்கள் 55 பேர். இறந்தவர்கள் 92 பேர். இந்த இரண்டு எண்களையும் நான் பலமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகிறவர்களைவிடக் குழிக்குப் போகிறவர்கள் அதிகமாக இருந்தால் அந்த இடத்தை மருத்துவமனை என்று எப்படி எழுதுவது?

மருத்துவப் பொறுப்புகளில் கறுப்பின ஊழியர்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1940களின் பிற்பகுதியில்தான். அதுவும் போராட்டங்களுக்குப் பிறகு. 1948இல் ஒரு மருத்துவருக்கு 225 நோயாளிகள் என்ற கணக்கு. அடுத்த ஆண்டு சனவரியில் பால்டிமோர் சன் நாளிதழ் 'மேரிலாண்டின் அவமானம்' என்ற தலைப்பில் மாநிலத்தின் மனநோய் மருத்துவமனைகளைப் பற்றிப் படங்களுடன் தொடர் வெளியிட்டது. நிலைமை எல்லா இடத்திலும் மோசம். கிரௌன்ஸ்வில்லில் படுமோசம். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. 1955இல் 2,719 பேர். அதுதான் உச்சம்.

அந்த 1955இல் இறந்த ஒரு சிறுமியின் பெயர் மட்டும் உலகத்துக்குத் தெரியும். எல்சி லாக்ஸ், வயது 15. ஆய்வுக்கூடங்களில் வேலை செய்தவர்களுக்கு ஹீலா செல்கள் என்றால் தெரியும். போலியோ தடுப்பூசி முதல் எத்தனையோ ஆய்வுகளுக்குப் பயன்பட்ட, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் மனித செல்கள். பால்டிமோரில் 1951இல் புற்றுநோயால் இறந்த ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் உடலிலிருந்து, அவரைக் கேட்காமல் எடுத்தவை. அவருடைய மூத்த மகள்தான் எல்சி. வலிப்பு நோய், பேச்சு வராது. வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லாமல் கிரௌன்ஸ்வில்லில் சேர்த்தார்கள். உயிரோடு இருந்தவரை ஹென்றியெட்டா வாராவாரம் போய் மகளைப் பார்த்துவந்தார். தாய் போன பிறகு பார்க்க யாரும் இல்லை. அங்கே வலிப்பு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மூளையைச் சுற்றியுள்ள நீரை வடித்துவிட்டு அந்த இடத்தில் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். உடலில் மீண்டும் நீர் ஊறும்வரை, மாதக்கணக்கில், தலைவலியும் வாந்தியும் இருக்கும். எல்சியும் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்று பின்னாளில் ஆவணங்களைத் தேடியவர்கள் கருதினார்கள். தாயின் செல்களுக்கு உலகெங்கும் குளிர்பெட்டியில் இடம் கிடைத்தது. மகளுக்கு ஒரு வார்டில் பாதிக் கட்டில்.

1950களில் நிலைமை திரும்பியது. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் ஐசோனியாசிட் என்ற புதிய மாத்திரையைச் சாவின் விளிம்பில் இருந்த காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எழுந்து நடந்தார்கள். அதன் உறவுக்கார மருந்தான ஐப்ரோனியாசிட் எடுத்துக்கொண்டவர்கள் காரணமே இல்லாமல் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். வார்டில் ஆடினார்கள் என்று அன்றைய செய்திகளில் இருக்கிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுக்கலாம் என்ற எண்ணமே இந்தக் காசநோய் வார்டிலிருந்துதான் வந்தது. அதே ஆண்டு பாரிஸில் குளோர்புரோமசின் மனநோயாளிகளை அமைதிப்படுத்தியது. நம் ஊர்ச் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின்னும் அந்த ஆண்டுகளில் அமெரிக்க மனநோய் மருத்துவமனைகளுக்குள் வந்தது. நுரையீரலையும் மனத்தையும் பூட்டி வைத்திருந்த கதவுகளுக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாவி கிடைத்துவிட்டது.

காசநோய்க் கதவை உலகம் முழுவதற்கும் திறந்துகாட்டியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமை பொங்குகிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து தொடங்கியது. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் ஓய்வு, நல்ல உணவு, செவிலியர். மறுபாதி தங்கள் குடிசையிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் இருந்தபடி அதே மாத்திரைகளை ஓராண்டு சாப்பிட வேண்டும். 1959இல் முடிவு வெளியானது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு குணம். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மலைக்காற்றும் முட்டையும் பாலும் இல்லாமலே மருந்து வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டது. அதன் பிறகு சானடோரியத்துக்கு நியாயம் சொல்ல யாராலும் முடியவில்லை. மேரிலாண்டின் ஹென்றிடனும் 1963இல் காசநோயைக் கைவிட்டு அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லமாக மாறியது. 1985இல் மூடப்பட்டது. 2013இல் இடித்துவிட்டார்கள்.

என் பெரியம்மா 1962இல் பெரம்பூரில் இப்படி வீட்டிலிருந்தே குணமானவர். மாமியார் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்தார், பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை. அதற்காகப் பெரியம்மா கடைசிவரை வருத்தப்பட்டார். ஆனால் அந்தத் திண்ணையில் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. "பாஸ் மருந்து வாயெல்லாம் கசக்கும், வயிற்றைப் புரட்டும். ஒரு நாள் கிணற்றடியில் கொட்டிவிட்டேன். மறுநாளே அந்தப் பெண் வந்து நின்றாள்" என்பார். மருந்தகத்திலிருந்து சைக்கிளில் வரும் சுகாதாரப் பார்வையாளர்தான் அந்தப் பெண். மாத்திரையை எண்ணுவார், சிறுநீர் வாங்கிப் போவார், மருந்து சாப்பிட்டிருக்கிறாரா என்பது சோதனையில் தெரிந்துவிடும். சேத்துப்பட்டு ஆய்விலும் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடி வந்து பார்த்தார்கள். வீட்டில் வைத்துக் குணப்படுத்தியது மாத்திரை மட்டும் அல்ல, கதவைத் தட்டிய அந்தக் கையும்தான். என் முப்பத்தொரு ஆண்டு அனுபவத்தில் இதை நான் அடித்துச் சொல்வேன். மருந்தை நடுவில் விட்டவர்களைத் தேடிப் போன ஊர்களில் நோய் தணிந்தது. தேடாத ஊர்களில் மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வந்தது.

மனநோய் மருத்துவமனைகள் காலியானபோது அமெரிக்காவில் கதவைத் தட்ட யாரும் இல்லை. 1963இல் கென்னடி, கையெழுத்திட்ட சட்டத்தின் வழியே, ஊர்தோறும் மனநல மையங்கள் வரும் என்று வாக்குக் கொடுத்தார். போதிய அளவு வரவில்லை. 1965இல் வந்த மெடிக்கெய்ட் என்ற, ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமோ, பெரிய மனநோய் மருத்துவமனைகளில் இருக்கும் 65 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பணம் தராது என்றது. மாநிலங்கள் நோயாளிகளை வெளியே அனுப்புவதில் வேகம் காட்டின. கிரௌன்ஸ்வில்லிலும் நல்ல மாற்றங்கள் வந்தன, மறுக்கக் கூடாது. அறுபதுகளின் தொடக்கத்தில் நிறப் பிரிவினை நீங்கியது. 1964இல் ஜார்ஜ் பிலிப்ஸ் என்ற கறுப்பின மருத்துவர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஆனால் கூட்டம் கரைந்துகொண்டே போய், 2004இல் மீதமிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளியே போனவர்களில் எத்தனை பேர் தெருவிலும் சிறையிலும் முடிந்தார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மையாரிடம் கேட்டால் பெருமூச்சு மட்டும் வரும். பால்டிமோர் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர்.

மூடியதில் எனக்கு வருத்தமில்லை. பதிவேடுகளை என்ன செய்தார்கள் என்பதில்தான். பழைய பதிவேடுகளில் பெரும்பகுதி, ஆஸ்பெஸ்டாஸ் தூசி படிந்துவிட்டது என்று அழிக்கப்பட்டது. ஏறக்குறைய முதல் ஐம்பது ஆண்டுகளின் வாழ்க்கை. மிஞ்சியவற்றில் சில, நீண்டகாலம் அங்கே வேலை செய்த ஊழியர் ஒருவர் மனம் பொறுக்காமல் எடுத்து வைத்தவை. அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கும்பிடுவேன்.

சென்ற மாதம் மகளும் நானும் பக்கத்து வீட்டு அம்மையாரும் போனோம். 2022 இறுதியில் மாநில அரசு அந்த நிலத்தை ஆன் அருண்டெல் கவுண்டியிடம் ஒப்படைத்துவிட்டது, நினைவுப் பூங்காவாக ஆக்கப்போகிறார்கள். செங்கல் கட்டடங்கள் வெள்ளைத் தூண்களோடு கம்பீரமாகத்தான் நிற்கின்றன. சன்னல்களுக்குப் பலகை அடித்திருக்கிறது. கல்லறை தனியே, மரங்களுக்கு நடுவே ஒரு சரிவில் இருக்கிறது. கல் என்றால் நம் ஊரில் நடுகல் போல நினைக்க வேண்டாம். தரையோடு தரையாகக் கையகலச் சிமெண்டுத் துண்டு. மேலே ஓர் எண். புல்லை விலக்கினால்தான் தெரியும்.

எண் போடுவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். வாழ்நாளெல்லாம் கண்ணாடி வில்லைகளின் மேல் வைர ஊசியால் எண் கீறியவள் நான். எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் பெயர் இருக்கும், அந்த நம்பிக்கையில்தான் எண் போடுகிறோம். இங்கே எண்ணை மண்ணில் பதித்துவிட்டுப் பெயரை அழித்துவிட்டார்கள்.

அனாபொலிஸைச் சேர்ந்த ஜேனிஸ் ஹேய்ஸ் வில்லியம்ஸ் என்ற வரலாற்று ஆர்வலர் எதிர்த்திசையிலிருந்து வேலையைத் தொடங்கினார். மருத்துவமனைப் பதிவேடு போனால் என்ன, மாநில ஆவணக் காப்பகத்தில் இறப்புச் சான்றிதழ்கள் இருக்கின்றனவே? ஒவ்வொன்றாகப் புரட்டி, இறந்த இடம் கிரௌன்ஸ்வில் என்று இருப்பவற்றைச் சேர்த்து, 1,700க்கும் மேற்பட்ட பெயர்களை அவரும் அவருடன் இருந்தவர்களும் மீட்டார்கள். ஆண்டுதோறும் அந்தச் சரிவில் கூடி அந்தப் பெயர்களை வாய்விட்டு வாசிக்கிறார்கள். 'என் பெயரைச் சொல்' என்பதுதான் அந்த நிகழ்ச்சிக்குப் பெயர். இருந்தாலும் எந்த எண்ணுக்குக் கீழே எந்தப் பெயர் என்று பொருத்துவது எளிதல்ல. உடல்கள் சில மருத்துவக் கல்லூரிகளுக்கும் போயிருக்கின்றன.

அம்மையார் ஒரு கல்லின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். சித்தப்பா இதில் எங்கே என்று அவருக்குத் தெரியாது. "ஏதோ ஒன்றின் பக்கத்தில் உட்கார வேண்டும் அல்லவா" என்றார். மகள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் என் கைப்பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்து, பழைய வழக்கப்படி கோடு போட்டேன். வரிசை எண், பெயர், ஊர், வயது, நாள். புல்லை விலக்கி விலக்கி, வெயில் சாய்வதற்குள் நாற்பத்தொரு எண்களை எழுத முடிந்தது. ஈரத்தில் அரித்துப்போன இரண்டை மட்டும் விரலால் தடவிப் படித்தேன். மற்ற கட்டங்கள் காலியாக இருக்கின்றன. ஆவணக் காப்பகத்தில் சான்றிதழ்களைப் பார்க்க என்ன செய்ய வேண்டும் என்று மகள் விசாரித்திருக்கிறாள். திங்கட்கிழமை அம்மையாரையும் அழைத்துக்கொண்டு அங்கே போகிறோம்.